யோகலட்சுமி டீச்சர் அடிக்காத நாட்கள்

ஜூன் 9, 2025, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது.

காலேஜை மூன்றாவது செமஸ்டரில் நிறுத்திவிட்டு வந்த பதினோரு மாதத்தில் இது நான்காவது வேலை. முதலாவது ஜவுளிக்கடை. உட்காரவே விடவில்லை. இரண்டாவது ரத்தப் பரிசோதனை லேப். ரத்தம் பிடிக்கவில்லை. மூன்றாவது கல்யாண மண்டபம். என் வாய் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

இது அறக்கட்டளை. பெயர் இளந்தளிர். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் ஆபீஸ். கீழே மிளகாய் வற்றல் அரைத்தால் மேலே எல்லோரும் கண்ணீரோடு வேலை பார்க்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் குழந்தைகளை நினைத்து உருகுகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வேலை என்னவென்றால், குழந்தைகளை யாரும் அடிக்கக்கூடாது. அவ்வளவுதான். பள்ளிக்கூடம், டியூஷன், ஹாஸ்டல் என்று போய், இனிமேல் அடிக்க மாட்டோம் என்று உறுதிமொழி வாங்கி, இருக்கிற பிரம்புகளைப் பறிமுதல் செய்து, வாசலில் 'அடியில்லா வளாகம்' என்று போர்டு மாட்ட வேண்டும். ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் நடத்தும் திட்டம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேலைட்டி?"

"பிள்ளைகள அடிக்கப்படாதுன்னு சொல்லுத வேலை."

"அதுக்கு எதுக்கு ஒரு ஆளு?" என்று கேட்டுக்கொண்டே தேவாவின் உள்ளங்கையில் ஒன்று வைத்தாள்.

ஜூன் 12

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் ட்ரெயினிங். சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ட்ரெயினிங் வைத்த புத்திசாலி யார்? எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஜெபசிங் சார். கழுத்தில் அடையாள அட்டை போட்டுக்கொண்டுதான் தூங்குவார் போல.

உலகம் முழுக்க நூற்றுத் தொண்ணூறு சொச்சம் நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றனவாம். 2030க்குள் குழந்தைகள் மீது எந்த வன்முறையும் இருக்கக்கூடாது. நம் நாட்டிலும் பள்ளிக்கூடத்தில் அடிக்கக்கூடாது என்று 2009லேயே சட்டம் வந்தாயிற்று. நான் அப்போது ஒன்றாம் கிளாஸ்கூடப் போகவில்லை. அப்படியென்றால் நான் வாங்கியது முழுக்கச் சட்டவிரோதமான அடி!

வன்முறையில் உடம்பில் படுவது, வார்த்தையால் குத்துவது, கண்டுகொள்ளாமல் விடுவது என்று வகைகள் உண்டாம். நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தேன். இருபது பேரில் நான்கு பேர்தான் இருந்தோம். மற்றவர்கள் ஐந்தருவிக்குப் போய்விட்டார்கள். ஜெபசிங் சார் கோபமாகக் கிளம்பி அவர்களைக் கூட்டிவரப் போனார். நாலு மணிக்குத் தலை ஈரமாகத் திரும்பி வந்தார்.

"தண்ணி எப்படி சார்?" என்று கேட்டேன்.

"அடிச்சு நொறுக்குது" என்றார் சந்தோஷமாக.

ஜூன் 17

சுந்தரபாண்டியபுரம் தாண்டி ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். ஹெட்மாஸ்டர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எங்க ஸ்கூல்ல பிரம்பே கிடையாதும்மா. அந்தக் காலம்லாம் போயாச்சு."

"சரி சார். பிரம்பை ஒப்படைக்கிற ஸ்கூலுக்கு சர்டிபிகேட் உண்டு. போட்டோ ஸ்வீடனுக்குப் போகும். உங்களுக்குத்தான் இல்லையே, நான் கிளம்புதேன்."

"இரு இரு." வாசல் பக்கம் திரும்பினார். "ஏலே! ஆறாப்புல ரெண்டு, ஸ்டாஃப் ரூம்ல மூணு கெடக்கும், எடுத்துட்டு வா. எட்டாப்புல கேட்டுப் பாரு."

ஏழு வந்தது. ஒன்றில் மையால் பெயர் எழுதியிருந்தது. 'டாக்டர்' என்று.

ஏழையும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர், "என்ன தங்கச்சி, கடை போடப் போறியா?" என்றார். பக்கத்து சீட் அக்கா ஒன்றை உருவி, வளைத்துப் பார்த்து, "நல்ல பிரம்பாட்டுல்லா இருக்கு. எம் மவனுக்கு ஒண்ணு தாயேன்" என்றாள். நான் யார், என்ன வேலை பார்க்கிறேன் என்று விளக்கமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, அப்ப சின்னதாப் பாத்து ஒண்ணு தா" என்றாள்.

ஜூன் 21

டார்கெட் பன்னிரண்டு உறுதிமொழிப் படிவம். கையில் பதினொன்று. திங்கட்கிழமை கடைசி. பன்னிரண்டு இல்லை என்றால் ஐந்தாவது வேலை தேட வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

செய்துவிட்டேன்.

பன்னிரண்டாவது படிவத்தில், 'யோகலட்சுமி டீச்சர் டியூஷன், கீழப்புலியூர்' என்று எழுதினேன். கையெழுத்தும் நானே போட்டேன். ஸ்கூல் ரேங்க் கார்டு காலத்திலிருந்து அந்தக் கையெழுத்து எனக்கு அம்மாவைவிட நன்றாக வரும்.

தென்காசியில் வேறு யார் பெயரைப் போட்டிருந்தாலும் இவ்வளவு பெரிய பொய் ஆகியிருக்காது. அம்மா இருபத்திரண்டு வருஷமாக டியூஷன் எடுக்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக அடிக்கிறாள். அவளிடம் படித்துப் போலீஸ், பட்டாளம், வி.ஏ.ஓ. என்று போனவர்கள் உண்டு. வேலை கிடைத்தால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். புதுப் பிரம்பு வாங்கி, மஞ்சள் தடவி, பூச்சுற்றிக் கொண்டு வந்து டீச்சரிடம் கொடுப்பார்கள். அம்மா அதை வாங்கி அவன் உள்ளங்கையில் ஒன்று வைப்பாள். அதற்குப் பெயர் கடைசி அடி. அதை வாங்காமல் யாரும் டூட்டியில் சேருவதில்லை. அப்படி வந்த பிரம்பு பீரோ மேல் நாற்பத்திமூன்று இருக்கிறது.

நான் கொண்டுவர வேண்டிய பிரம்பு வரவில்லை. அதற்கு அம்மா சொல்லும் காரணம்: "காலேஜ்ல உன்ன அடிக்க ஆளில்லாமப் போச்சு. அதான் நின்னுட்ட."

ஜூன் 27

தொலைந்தேன்.

ஜெபசிங் சார் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. படிவத்தோடு அம்மாவின் நாற்பத்திமூன்று பேர் கதையையும் நான்தான் அளந்துவிட்டிருந்தேன். ஜூலை 25ஆம் தேதி ஸ்வீடனிலிருந்து மாலின் என்று ஒரு மேடம் வருகிறார்களாம். மாதிரி வளாகம் ஒன்றைக் காட்ட வேண்டுமாம்.

"உங்க அம்மா டியூஷனைத்தான் காட்டப்போறோம் செல்வி. அடியே கிடையாது, ஆனா நாப்பத்திமூணு பேருக்கு அரசாங்க வேலை! இந்த மாதிரி கேஸ் உலகத்துலயே கிடைக்காது."

கிடைக்காதுதான்.

ஜூன் 28, சனி

அம்மா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"என் கையெழுத்தையா?"

"ஆமா."

"யோகலட்சுமின்னா?"

"பி.எஸ்சி., பி.எட்.னும் போட்டேன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையை ஓங்கினாள். நான் படிவத்தின் நகலைக் குறுக்கே நீட்டினேன். "எம்மா! நீ உறுதிமொழி கொடுத்திருக்க! அடிக்கப்படாது!"

வாங்கிக் கண்ணாடி போட்டு முதல் வரியிலிருந்து படித்தாள். எல்லா வினாத்தாளையும் அப்படித்தான் படிப்பாள்.

"பதினெட்டு வயசுக்குக் கீழன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"ஒனக்கு எத்தன?"

"இருவது."

விழுந்தது.

சாயங்காலம் அவளாகவே வந்து நின்றாள். "யோகலட்சுமின்னு ஒரு தாளுக்கு அடியில இருந்தா அது பொய்யா இருக்கப்படாது. இன்னையில இருந்து கைய ஓங்கல. அந்தம்மா வந்துட்டுப் போகட்டும். பொறவு பாப்போம்."

"நானே போய் ஜெபசிங் சார்ட்ட உண்மையச் சொல்லிருதேன்மா."

"என்னன்னு? டீச்சர் மவ கள்ளக் கையெழுத்துப் போட்டான்னா? தென்காசியில நான் டியூஷன் நடத்தவா, வேண்டாமா? போ மூதி."

ஜூலை 1

அம்மா கையில் பிரம்பு இல்லை. அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தானையை முறுக்கியது. சாக்பீஸை ஒடித்தது. ஒரு சாயங்காலத்தில் ஒன்பது சாக்பீஸ்.

முப்பத்தொரு பிள்ளைகளும் பேயைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தேவா ஏழாம் கிளாஸ், ஏட்டையா மகன். வீட்டுக் கணக்குப் போடாமல் வந்திருந்தான். வழக்கம்போல எழுந்து கையை நீட்டினான்.

"உக்காரு" என்றாள் அம்மா.

அவன் உட்காரவில்லை. பத்து நிமிஷம் நின்றான். கடைசியில், "டீச்சர், அடிச்சிருங்க டீச்சர். நான் பந்து விளையாடப் போணும்" என்றான்.

சஃப்ரின் நாலாம் கிளாஸ். கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே கையை நீட்டிவிடும். நேரம் மிச்சமாகட்டும் என்று நினைக்கிறதோ என்னமோ.

ஜூலை 3

கைக்குப் பதிலாக வாயை எடுத்துவிட்டாள். தேவாவின் வீட்டுக் கணக்கைப் பற்றி நாற்பது நிமிஷம். அவன் நடை, தலைமுடி, அவன் பிற்காலத்தில் ஓட்டப்போகும் ஆட்டோ, அதிலும் அவன் சரியாகச் சில்லறை கொடுக்கப்போவதில்லை என்பது, எல்லாமே வந்துவிட்டது. பிள்ளைகள் ஒரு கட்டத்தில் பிரம்பு எங்கே என்று தேடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"எம்மா, இதுவும் வன்முறைதான். வார்த்தை வன்முறை. லிஸ்ட்ல இருக்கு."

"இதுவும் கூடாதா? அப்ப நான் எத வச்சுப் பாடம் நடத்த?"

"பாடத்த வச்சு."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அம்மா போர்டை அழிக்கத் திரும்பிக்கொண்டாள். அதற்கு அடித்திருக்கலாம்.

ஜூலை 5

பெற்றோர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏட்டையா யூனிஃபார்மிலேயே வந்தார். "என்ன டீச்சர், இப்பம்லாம் அடிக்கிறதில்லையாமே? எதும் கொறை வச்சிட்டமா?"

அப்புறம் சஃப்ரினின் உம்மா நூர்நிஷா. கையில் போன். போனில் சஃப்ரினின் வாப்பா அகமது கபீர், ஷார்ஜாவிலிருந்து வீடியோ காலில். பின்னால் அரிசி மூட்டையாக அடுக்கியிருந்தது, கடையில்தான் நின்றார் போல.

"டீச்சரு, நான் இங்கன இருந்து என்ன செய்ய முடியும்? கைய நீட்டி அங்கன அடிக்கவா முடியும்? உங்கள நம்பித்தான விட்டிருக்கேன். நாலு போடு போட்டாத்தான புள்ள படிக்கும்?"

ஸ்வீடனில் இருந்து அடிக்காதே என்கிறான், ஷார்ஜாவில் இருந்து அடி என்கிறான். இரண்டுக்கும் நடுவில் கீழப்புலியூரில் எங்கள் அம்மா.

அப்போதுதான் அது நடந்தது. சஃப்ரின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். வாப்பா குரல் உயர்ந்ததும் கையை நீட்டிவிட்டாள், போனுக்கு நேராக.

போனில் அவர் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. அந்த ஆள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன்மா கைய நீட்டுத?" என்றார். குரலே வேறு மாதிரி ஆகிவிட்டது. "நான் எப்பம்மா உன்ன அடிச்சேன்?"

பிள்ளை நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை. நூர்நிஷா அக்கா போனைத் திருப்பிக்கொண்டாள்.

சஃப்ரினை நிறுத்தவில்லை. சாயங்காலமும் டியூஷனுக்கு வந்தாள்.

ஜூலை 9

முப்பத்தொன்று இருபத்திரண்டு ஆகிவிட்டது. தேவாவைத் தெரு முக்கில் இருக்கிற இன்னொரு டியூஷனில் சேர்த்துவிட்டார் ஏட்டையா. "அங்கன நல்லா அடிக்காவளாம்" என்று வருத்தத்தோடு வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்.

அம்மா காலண்டரில் தினமும் ஒரு கோடு போடுகிறாள். ஒரு தடவை கை ஓங்கிவிட்டு, அப்படியே கொண்டுபோய் ஃபேன் சுவிட்சைப் போட்டாள். ஃபேன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அணைந்துவிட்டது.

ஜூலை 12, சனி

அம்மாவிடம் படித்த பாண்டி அண்ணன் வந்தான். ரிசர்வ் போலீஸில் வேலை கிடைத்துவிட்டது, செவ்வாய்க்கிழமை ட்ரெயினிங். வாசுதேவநல்லூரிலிருந்து அல்வா, மல்லிகைப்பூ, மஞ்சள் தடவிய பிரம்பு. நாற்பத்திநான்காவது.

முட்டிபோட்டுக் கையை நீட்டினான்.

அம்மா பிரம்பை வாங்கினாள். வைத்துக்கொண்டே நின்றாள்.

"எம்மா, அண்ணனுக்கு இருபத்தஞ்சு வயசு. படிவத்துல வராது. அடிக்கலாம்" என்றேன். உதவி செய்வதாக நினைப்பு.

"எதுக்குலே அடிக்கணும்?" என்று அவனிடம் கேட்டாள்.

"உங்க அடியாலதான டீச்சர் நான் ஆளானேன்."

"உன் பெஞ்சுல உக்காந்திருந்த மாடனுக்கும் அதே அடிதான வச்சேன். அவன் என்ன ஆனான்?"

பாண்டி முழித்தான். கை நீட்டியபடியே இருந்தது. "அவன் குத்தாலத்துல எண்ணெ தேச்சு விடுதான் டீச்சர். ஏழாப்போட ஓடிட்டான்லா."

"நாப்பத்துநாலு பேரு பிரம்பு கொண்டாந்திருக்கீய. எங்கிட்டப் படிச்சது எழுநூறு பேருக்கு மேல. மத்தவனுவ எங்கலே?"

"ஒரு அடி டீச்சர். ராசி டீச்சர். மெல்லமா."

அம்மா அடிக்கவில்லை. திருநீறு பூசி அனுப்பினாள். ரிசர்வ் போலீஸ்காரன் கேட்டைத் தாண்டும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே போனான்.

ஜூலை 13, ஞாயிறு

"குத்தாலத்துக்கு வாட்டி" என்றாள். குளிக்க என்று நினைத்து மாற்றுத்துணி எடுத்தேன்.

நல்ல சாரல். மெயின் அருவிப் பக்கம் மதுரைக்கூட்டம், கேரளாக்கூட்டம், நடக்க இடமில்லை. எண்ணெய் தேய்ப்பவர்கள் வரிசையில் அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒருத்தன், ஒரு தடித்த மனிதரின் தலையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான். பாட்டிலைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தான்.

அம்மாவும் ஓடினாள். ஐம்பத்திரண்டு வயசு, பட்டுக்கரைச் சேலை. "ஏலே மாடா! நில்லுலே! அடிக்க மாட்டேம்லே!"

அருவி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போலீஸ்காரர் விசில் அடித்தார். நாலைந்து பேர் வீடியோ எடுத்தார்கள். பாதித் தலையில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து, "மிச்சத்த யாரும்மா தேய்ப்பா?" என்றார்.

ஒரு சிப்ஸ் கடை முன்னால் அவன் நின்றுவிட்டான். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"ஏன்லே ஓடுத?"

"தெரியல டீச்சர். காலு ஓடிட்டு." சிரித்தான். இருபத்தைந்து வயசுக்கு முன்பல் ஒன்று இல்லை.

"எதுக்குலே அன்னைக்கு டியூஷன விட்டு ஓடுன?"

"ஏழெட்டு எத்தனன்னு கேட்டீய. தெரியல. ரெண்டு கையிலயும் மாத்தி மாத்தி வச்சீய. மறுநாளும் அதே ஏழெட்டத்தான் கேப்பீயன்னு தெரியும். வரல. பொறவு பள்ளிக்கூடத்துலயும் கேப்பாவன்னு அங்கயும் போகல."

"அம்பத்தாறுலே."

"தெரியும் டீச்சர். இப்பம் நீங்க கேட்டா வராது."

கோபமாகச் சொன்னால் பரவாயில்லை. ஏதோ மழை பெய்தது என்பதுபோலச் சொன்னான். போகும்போது ஓடிப்போய் ஒரு சின்ன பாட்டில் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தான். "வலது தோள்பட்டை வலிக்குமே டீச்சர் உங்களுக்கு. அப்பமே கையத் தூக்கும்போது மொகம் சுளிப்பீயள்லா. ராத்திரி தேச்சுட்டுப் படுங்க."

பஸ்ஸில் அம்மா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.  

ஜூலை 20

இன்று சாக்பீஸ் எதுவும் ஒடியவில்லை. புளியங்கொட்டையை ஏழு ஏழாகக் குவித்து வைத்து வாய்ப்பாடு நடத்தினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை அம்மா தரையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

எழுதிவிட வேண்டும். நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

மாலின் மேடம் பதினோரு மணிக்கு வந்தார்கள். ஜெபசிங் சார் கேட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு வாங்கியிருந்தார். தெருவே மாலினி மேடம் மாலினி மேடம் என்று கூப்பிட்டது. நல்ல உயரம். கதவில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்து பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார்கள். வாசலில் 'அடியில்லா வளாகம்' போர்டு பளபள என்று இருந்தது.

அம்மா சஃப்ரினை எழுப்பினாள். ஏழெட்டு எத்தனை? பிள்ளை பயத்தில், "அம்பத்தினாலு" என்றது. சொன்ன உடனே கை நீண்டுவிட்டது. அதைப் பார்த்ததும், நோட்டில் விடையைத் தப்பாக எழுதிவைத்திருந்த மற்ற பிள்ளைகளும் நீட்டிவிட்டார்கள். வரிசையாகப் பதினான்கு உள்ளங்கைகள்.

ஜெபசிங் சார் பாய்ந்தார். "வெல்கம் மேடம்! திஸ் இஸ் அவர் வெல்கம்!"

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். சஃப்ரினின் கையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார்கள், கிரிக்கெட்காரர்கள் தட்டிக்கொள்வார்களே, அப்படி. சஃப்ரின் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மேடத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்கிறவள் நான்தானே. ஏன் கண்ணை மூடுகிறாள்?

ஜெபசிங் சார் என்னைப் பார்க்கிறார். 'வெட்கம், மேடம்' என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

அம்மா முந்திக்கொண்டாள். நேராக இங்கிலீஷில், இலக்கணம் பிசகாமல், டிக்டேஷன் கொடுப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இவள் அடிக்காகக் காத்திருக்கிறாள். நான் இருபத்திரண்டு வருஷம் அடித்தேன். இருபத்தேழு நாளாக அடிக்கவில்லை. இவள் கைக்கு அது இன்னும் தெரியாது.



ஜெபசிங் சார் விரல்விட்டு எண்ணுகிறார். "இருபத்தேழா? உறுதிமொழி ஜூன் இருபத்திமூணுல்லா? முப்பத்திரண்டு வரணுமே?" என்று தமிழில் கேட்டார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். டார்கெட் பார்க்கிற மனுஷனுக்குக் கணக்கு எப்படித் தப்பும்?

"நான்தான் சார் கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

மாலின் மேடம் எங்கள் இரண்டு பேரையும் கவனிக்கவே இல்லை. அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நாட்டில் பெற்றவர்கள்கூட அடிக்கக்கூடாது என்று சட்டம் வந்தது 1979இல். அவர்களுக்கு அப்போது ஆறு வயசு. சட்டம் வந்த மறுநாளும் அவர்களுடைய அம்மா அடித்தாராம்.

"பிறகு எப்போது நிறுத்தினார்?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியவில்லை. கடைசியாக எப்போது அடித்தார் என்று யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஞாபகமே இல்லை."

போகும்போது மறுபடியும் கதவில் தலையை இடித்துக்கொண்டார்கள்.

ஜூலை 28

"நீ நல்ல பிள்ளதான் செல்வி. ஆனா கள்ளக் கையெழுத்து…" என்றார் ஜெபசிங் சார். கீழே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. "நான் அழல சார், மிளகாய்" என்றேன். "எனக்கும்தான்" என்றார்.

வேலை போயிற்று. போர்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆணி மட்டும் இருக்கிறது.

ஆகஸ்ட் 2

ஏட்டையாவும் நாலைந்து பேரும் வந்தார்கள். "வெள்ளக்காரம்மாதான் போயாச்சுல்லா டீச்சர்? இனி பழையபடி ஆரம்பிக்கலாம்லா?" மந்திரி வந்துபோனதும் வேகத்தடையைத் திரும்பப் போடுவோமே, அந்தக் கணக்கு.

எனக்கும் அதுதான் பயம். 'பொறவு பாப்போம்' என்றுதானே அன்றைக்குச் சொன்னாள்.

அம்மா காலண்டரைப் பார்த்தாள். "முப்பத்தஞ்சு நாளாச்சு. இனி இடையில விட முடியாது" என்றாள்.

வந்தவர்களின் முகம் மாறிவிட்டது. ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் 6

விஷயம் இன்றுதான் தெரிந்தது. டீச்சர் நேந்திருக்கிறாளாம்! மகள் திரும்பக் காலேஜ் போகும்வரை பிள்ளைகளைத் தொடுவதில்லை என்று வேண்டுதலாம். அடித்தால் பலிக்காதாம். ஊர் முழுக்க இதுதான் பேச்சு. அடிக்கக்கூடாது என்று உலகமே சொன்னபோது கேட்காதவர்கள், வேண்டுதல் என்றதும் ஆளாளுக்கு ஒத்துழைக்கிறார்கள். தேவாவைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டார் ஏட்டையா. நேர்த்தி கெட்டால் பாவம் நமக்கும் வரும் என்றாராம்.

இப்போது இருபத்தெட்டுப் பிள்ளைகள்.

மாட்டிக்கொண்டது நான். பால் வாங்கப் போனால், "எப்பம் காலேஜ் போற? உங்கம்மா கை சும்மா கெடக்குல்லா" என்கிறார்கள். இந்தப் பக்கம் தேவா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யக்கா, தயவுசெஞ்சு படிச்சிராதீயக்கா" என்கிறான். சஃப்ரின் பின்னால் நின்று தலையாட்டுகிறாள்.

"உண்மையாவே நேந்தியாம்மா?"

"நான் ஆருக்கு நேந்தேன்? அவளுவளே சொல்லிக்கிட்டாளுவ."

"அப்ப நான் காலேஜ் போனா திரும்ப அடிப்பியா?"

"அதுக்கும் இதுக்கும் என்னட்டி சம்பந்தம்?" என்று சட்னி அரைக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

யாருக்கும் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த காலேஜ் கணக்குப் புத்தகத்தைக் காலையில் எடுத்துப் பார்த்தேன். நான் நின்றதற்குக் காரணம் எல்லோரிடமும் ஒவ்வொன்று சொல்லியிருக்கிறேன். கணக்கு என்று யாரிடமும் சொன்னதில்லை. கணக்கு டீச்சர் மகள் எப்படிச் சொல்வாள்?

மேசையில் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டேன். நாலாவது வரியில் நின்றுவிட்டது. எப்போது வந்தாளோ, அம்மா ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.  நோட்டை மட்டும் பார்த்தாள்.

"ரெண்டாவது வரியிலயே தப்பு. மைனஸ் எங்க?" என்று காட்டுவதற்காகக் கையைத் தூக்கினாள்.

என் தலை தானாகக் குனிந்துவிட்டது. தோள் காதுவரை ஏறிவிட்டது. இருபது வயசு எனக்கு. அவள் பேனாவைத்தான் எடுக்கப் போனாள்.

அம்மா பார்த்துவிட்டாள். கை அப்படியே நின்றது.

பிறகு எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மேசைக்கு அந்தப் பக்கம் போட்டாள். கை எட்டாத தூரம். எழுத்து தலைகீழாகத்தான் தெரியும் அங்கிருந்து. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நோட்டைத் தலைகீழாகவே படித்தாள்.

"இப்பம் போடு" என்றாள்.